பேனாக்கத்தி: எந்த வேலைக்கு எந்த அலகு

பேனாக்கத்தியில் இரண்டு அலகு இருந்தால் பெரியது சாப்பாட்டுக்கு, சிறியது மற்ற எல்லாவற்றுக்கும். இந்தப் பங்கீட்டை வாங்கிய அன்றைக்கே செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் காலையில் கூரியர் டேப்பைக் கிழித்த அலகால் மாலையில் கொய்யா நறுக்கி, பசையும் அட்டைத்தூளும் ஒட்டிய பழத்தைத் தின்ன வேண்டியதுதான். அதைவிட, அட்டைப்பெட்டியில் மழுங்கிய அலகு தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்கும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்திதான் ஆபத்து. அறுபடாததால் அழுத்துவோம், அழுத்தினால் கத்தி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவது சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் ஸ்பார்ட்டன் போன்ற சாதாரண மாடலை. பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், குத்தூசி, கார்க் திருகி, பிடியில் செருகிய ட்வீசர், பல்குச்சி. எடை சுமார் 60 கிராம். கார்க் திருகிக்குப் பதில் ஸ்டார் திருப்புளி வேண்டுமென்றால் டிங்கர்; கத்தரிக்கோலும் கொக்கியும் சேர்ந்தது கிளைம்பர். இருபது கருவிகள் அடுக்கிய தடிமனான மாடல்களை நான் சிபாரிசு செய்வதில்லை. பையில் கனக்கும், ஒரு மாதத்தில் மேஜை இழுப்பறைக்குப் போய்விடும். இழுப்பறையில் இருக்கும் கத்தி கைக்கு எட்டாத கத்தி.

இரண்டாவது அலகு பிறகு வந்ததுதான். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் விக்டோரினாக்ஸின் நிறுவனர் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை தொடங்கினார். 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு அவர் கொடுக்க ஆரம்பித்த கத்தியில் ஒரே அலகு. கூடவே குத்தூசி, டப்பா திறப்பான், திருப்புளி. டப்பா உணவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை. 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் சின்ன அலகும் கார்க் திருகியும் சேர்ந்தன. இன்று நம் ஊரில் கார்க் திருகிக்கு வேலை குறைவு; சின்ன அலகுக்கு நாள் முழுக்க வேலை.

சின்ன அலகு

முதலில் பார்சல். ஆன்லைனில் வாங்கிய சட்டையைப் பெட்டி திறக்கும்போதே கிழித்துக்கொள்பவர்கள் ஏராளம். காரணம் ஒன்றுதான்: அலகு முழுவதும் உள்ளே போகிறது. சின்ன அலகைத் திறந்து, முனைக்கு அரை சென்டிமீட்டர் பின்னால் அலகின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். இப்போது வெளியே நீட்டியிருப்பது ஐந்து மில்லிமீட்டர் மட்டுமே. விரல் பெட்டியில் இடித்து நிற்பதால் அதற்குமேல் முனை இறங்காது. பெட்டியின் இரண்டு பக்க ஓரங்களில் மடிந்திருக்கும் டேப்பை முதலில் வெட்டுங்கள், நடுக்கோட்டைக் கடைசியில். நடுவில் முதலில் வெட்டினால் மூடி பாதி திறந்து, பக்க டேப் இழுத்துக்கொண்டு நிற்கும். பிடுங்கும்போது அட்டை கிழியும். அலகை நட்டுக்குத்தலாகப் பிடிக்காமல் படுக்கப் போட்டு ஓட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் கூரியர் கவரில் இந்த முறையும் வேண்டாம். கவரை உதறி உள்ளே இருப்பதை ஒரு மூலைக்குத் தள்ளி, எதிர் மூலையில் வெறும் கவரை விரலால் கிள்ளித் தூக்கி, தூக்கிய இடத்தில் ஒரு சின்ன வெட்டு. மீதியைக் கையாலேயே கிழிக்கலாம்.

பொம்மை, பேட்டரி, டூத்பிரஷ் எல்லாம் வரும் கெட்டி பிளாஸ்டிக் கூடு வேறு கதை. முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் அட்டை என்றால் பின்பக்க அட்டையைச் சுற்றிக் கீறுங்கள், பிளாஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் என்றால் கத்தியை மடித்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் திடீரென்று விட்டுக்கொடுக்கும். கத்தி போகும் வழியில் எப்போதும் நம் இடது கைதான் இருக்கும்.

அட்டையை வெட்டினால் கத்தி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று கேட்பார்கள். மறுசுழற்சிக் காகிதத்தில் களிமண்ணும் நுண்ணிய மணல்தூளும் கலந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை அறுக்கிற வேலைதான் அது. பழைய பெட்டிகளைத் துண்டு போட்டுக் கட்ட வேண்டியிருந்தால் பத்து ரூபாய் பிளேடு கட்டரை எடுங்கள். பேனாக்கத்தியை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

அரிசிச் சிப்பம் அடுத்தது. 25 கிலோவோ, ஜி.எஸ்.டி. வந்தபின் பரவிய 26 கிலோவோ, வாயைத் தைத்திருப்பது சங்கிலித் தையல். நடுவில் எங்காவது வெட்டிப் பிடுங்கினால் துண்டு துண்டாக வரும், நூல்பிசிறு அரிசியில் விழும். தையல் முடிந்த முனையிலிருந்துதான் சங்கிலி அவிழும். மூட்டை வாயைப் பாருங்கள்: ஒரு பக்கம் வெறும் கோடாகத் தையல் ஓடும், மறுபக்கம் பின்னல் மாதிரி கண்ணி கண்ணியாகத் தெரியும். ஒரு ஓரத்தில் தொங்கும் நூல்வாலைச் சாக்குக்கு ஒட்டினாற்போல் அறுத்து, முதல் இரண்டு மூன்று கண்ணிகளை முனையால் நெம்பித் தளர்த்தி, நூலை இழுத்துப் பாருங்கள். ஓடி வந்தால் சரி. இறுகினால் பலவந்தம் வேண்டாம், அது ஆரம்பித்த முனை. எதிர் ஓரத்துக்குப் போய் அதையே செய்யுங்கள். ஒரே இழுப்பில் மூட்டை வாய் திறக்கும், நீளமான நூலும் மிச்சம்.

இருபது லிட்டர் தண்ணீர் கேனில் இழுக்கும் காது பாதியில் அறுந்துபோவது வாடிக்கை. அப்போது மூடியின் மேல் குத்தாதீர்கள். பிளாஸ்டிக் துணுக்கு தண்ணீரில் விழும். மூடியின் கீழ் விளிம்பில் அலகை நுழைத்து, கூர்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி வைத்து, மேல்நோக்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு. அந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் மூடி சுற்றிக் கழன்றுவிடும். கேனின் கழுத்தில் வெட்டு விழாமல் இருக்கத்தான் கூர்ப்பக்கம் வெளியே.

பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையை முழுசாக நறுக்காமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்க விடுங்கள். அந்தத் துணுக்குதான் சாக்கடையில் போய்ச் சேர்கிறது, பழைய பிளாஸ்டிக்காரர் எடுப்பதும் இல்லை. கேஸ் சிலிண்டரில் கத்திக்கு இருக்கும் ஒரே வேலை வெளியே சுற்றிய பிளாஸ்டிக் சீலை அறுப்பது. மூடியை அதன் நூலைப் பிடித்தே கழற்ற வேண்டும். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் கிளறவே கூடாது. கீறல் விழுந்தால் கேஸ் கசியும்.

ஒயர் உரிக்கிற வேலையில் தப்பு நடப்பது அலகை நட்டுக்குத்தலாக வைத்துச் சுற்றி அறுப்பதால். உறையோடு சேர்த்து இரண்டு மூன்று செம்பு இழைகளும் அறுபடும். மிச்ச இழைகள் அதே மின்சாரத்தைச் சுமக்க வேண்டும். அந்த இடம் சூடாகும், ஒருநாள் ஒடியும். பென்சில் சீவுகிற சாய்வில் அலகைப் படுக்க வைத்து உறையைச் சீவி, மீதியை விரலால் வளைத்து உரித்து, கடைசியில் ஓரத்தை அறுத்துவிடுங்கள். பிளக் டாப் ஸ்க்ரூவுக்கு எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் உரித்தால் போதும். இழைகளை முறுக்கி ஸ்க்ரூவுக்கடியில் கொடுங்கள். பாட்டில் திறப்பானின் அடியில் ஒரு அரைவட்டப் பள்ளம் இருக்கிறதே, அது இதற்கென்றே வைத்தது. ஒயரைப் பள்ளத்தில் பொருத்தி ஒரு சுற்று திருப்பி இழுத்தால் ஓரளவு சுத்தமாக வரும். எதைச் செய்தாலும் மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டு. சிவப்புப் பிடி பிளாஸ்டிக்தான், ஆனால் அது 230 வோல்ட்டுக்கான காப்பு அல்ல. உலோகத் தகடும் வில்லும் பிடியின் மேலும் கீழும் வெளியே தெரிகின்றன.

மடியும் அலகு

இடையில் ஒரு பாதுகாப்பு விஷயம். இந்தக் கத்திகளில் பூட்டு கிடையாது. முதுகுப்பக்க வில்தான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. கூர்ப்பக்கத்தில் அழுத்தம் விழும்வரை கவலையில்லை, அந்த அழுத்தம் அலகை மேலும் திறக்கத்தான் பார்க்கும். முதுகில் அழுத்தம் விழுந்தாலோ, முனையால் குத்தினாலோ, வில் விட்டுக்கொடுத்து அலகு விரல்மேல் மடியும். அதனால் குத்துகிற வேலை எதுவும் அலகுக்குக் கிடையாது. துளை போட வேண்டுமா, குத்தூசி இருக்கிறது. இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடித்துக் கொடுங்கள்.

பெரிய அலகு

ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்த அலகு மாதுளைக்கென்றே செய்தது போலிருக்கும். சமையலறைக் கத்தியால் பாதியாகப் பிளந்தால் சாறு சட்டையில்தான். பேனாக்கத்தியால் செய்யும்போது தோலுக்குள்ளேயே நிற்கலாம். கிரீடப் பகுதியைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் கீறி அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். உள்ளே வெள்ளைத் தோல் ஐந்தாறு அறைகளாகப் பிரிவது தெரியும். பழத்தின் வெளியே லேசான மேடாகத் தெரியும் கோடுகள் அந்தப் பிரிவுகளைக் காட்டும். கோட்டுக்கு ஒன்றாக மேலிருந்து கீழே தோலை மட்டும் கீறி, இரண்டு கட்டைவிரலாலும் விரித்தால் பழம் அறை அறையாகப் பிரியும். ஒரு முத்துகூட வெட்டுப்படாது.

சாத்துக்குடியும் இப்படியே. மேலும் கீழும் காசளவு தோலைச் சீவிவிட்டு, மேலிருந்து கீழாக ஆறு கீறல். மாம்பழத்தில் கொட்டையின் தட்டையான பக்கத்தை ஒட்டி அலகைக் கொண்டுபோக வேண்டும். பெரிய பங்கனப்பள்ளிக்கு இந்த அலகு நீளம் போதாது. இரு பக்கமிருந்தும் வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். தர்பூசணி, தேங்காய், இளநீர், எலும்பு, உறைந்த பொருள் எதற்கும் இது கத்தி இல்லை. மாங்காய்க் கீற்றில் உப்பு மிளகாய்த்தூள் தடவிச் சாப்பிட்டால் அலகை உடனே கழுவுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் உப்பு காய்ந்து கிடந்தால் ஊசிமுனைப் புள்ளிகளாக அரிக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம்.

பலாச்சுளை எடுக்கும்போது அலகில் மட்டுமல்ல, மடியும் இடத்திலும் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். பால் அலகிலிருந்து சுலபமாக வந்துவிடும். கீலுக்குள் போய் இறுகினால் கத்தி திறக்கவே நகம் உடையும்.

எதன்மேல் வைத்து நறுக்குகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் தட்டும் கிரானைட் மேடையும்தான் கைக்குக் கிடைக்கும். இரண்டும் கூருக்கு எமன். அலகு தட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கூர் ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். பலகை இல்லையென்றால் மடித்த செய்தித்தாளோ வாழை மட்டையோ போதும். கையில் வைத்தே நறுக்குவதும் நல்ல முறைதான். நான்கு விரல்கள் பிடியைச் சுற்றி இருக்க, கட்டைவிரல் பழத்தின் அடியில் அலகு வரும் பாதைக்குக் கீழே நிற்க, கையை மூடுகிற அசைவிலேயே அலகு வரவேண்டும். தோளிலிருந்து இழுத்தால் நிறுத்த முடியாது.

பிரான்சின் ஒபினெல் கத்தியைப் பழத்துக்கென்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. மெல்லிய அலகு, அழகாக வெட்டும். அதில் இரண்டு வகை எஃகு வருகிறது. கார்பன் ஸ்டீல் வாங்கினால் மாம்பழம், எலுமிச்சை, வெங்காயம் பட்டதும் அலகு சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். அது துரு அல்ல, கெடுதலும் இல்லை. ஆனால் புதிதில் பழத்தில் இரும்பு வாடை ஏறும். நம் புளிப்புச் சாப்பாட்டுக்கு ஸ்டெயின்லெஸ் வகையே மேல். ஒபினெலின் பீச் (beech) மரப்பிடி ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுக்காமல், அலகைப் பூட்டும் வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு தானாக வெளியே எட்டிப்பார்க்கும்.

மற்ற கருவிகள்

டப்பா திறப்பானை ரசகுல்லா டின்னுக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் தகடு முழுவதையும் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்கிறார்கள். கொக்கியை டின்னின் விளிம்புக்கடியில் மாட்டி, பிடியைத் தூக்கினால் முனை தகட்டில் இறங்கும். இறக்கி, மூன்று மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி தூக்குங்கள். விக்டோரினாக்ஸில் இது முன்னோக்கிப் போகும். சின்னச் சின்ன வெட்டாகப் போனால் ஓரம் பிசிறில்லாமல் வரும். கடைசி ஒரு சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டு மூடியை மடக்கிவிடுங்கள். மூடி சாற்றுக்குள் மூழ்காது.

இந்தத் திறப்பானின் நுனி தட்டையான சின்னத் திருப்புளி. ரிமோட், பொம்மை, சுவர்க்கடிகாரம் இவற்றின் சிறிய ஸ்டார் ஸ்க்ரூக்களுக்கும் அது குறுக்காகப் பொருந்தும். கண்ணாடிக் காதின் ஸ்க்ரூவுக்கு மட்டும் அது பெரிது. கார்க் திருகிக்குள் திருகி வைக்கும் மிகச் சிறிய திருப்புளி தனியாகக் கிடைக்கிறது, கண்ணாடி போடுபவர்கள் வாங்கிக்கொள்ளலாம். எந்த ஸ்க்ரூவுக்கும் அலகின் முனையைக் கொண்டுபோகாதீர்கள். உடைந்த முனைகள் பெரும்பாலும் ஸ்க்ரூவிலும், பெயின்ட் டப்பா மூடியை நெம்பியதிலும் உடைந்தவை. பெயின்ட் டப்பாவுக்குப் பாட்டில் திறப்பானின் நுனி இருக்கிறது.

யாரும் தொடாத கருவி குத்தூசி. எனக்குக் கேட்டால் அலகுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டுமென்றால், இருக்கும் ஓட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளியை (வழக்கமாக ஓர் அங்குலம்) அளந்து குறியிட்டு, மரக்கட்டையின் மேல் வைத்து, குத்தூசியை அழுத்தித் திருகுங்கள். அதற்கு ஒரு பக்கம்தான் கூர். அந்தப் பக்கம் முன்னே வரும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். எதிர்த் திசையில் திருப்பினால் தோல் நசுங்குமே தவிர வெட்டாது. பாதி ஆழம் போனதும் பெல்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து முடித்தால் ஓட்டை உருண்டையாக இருக்கும்.

அதில் இருக்கும் கண், தைப்பதற்கு. பள்ளிப்பையின் தோள்வார் பிய்ந்தால் தையல்காரரின் மிஷின் ஊசி பல சமயம் இறங்காது, இது இறங்கும். மெழுகு தடவிய நைலான் நூலைத் தைக்கும் நீளத்துக்கு நான்கு மடங்கு எடுத்துக் கண்ணில் கோத்து, வாரையும் பையையும் சேர்த்துக் குத்துங்கள். மறுபக்கம் வந்த நூலில் பாதியை இழுத்து வெளியே விட்டுவிடுங்கள். ஊசியை உருவி, அரை சென்டிமீட்டர் தள்ளி மறுபடி குத்தி, மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் பின்னால் இழுத்தால் மறுபக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாக எழும்பும். வெளியே விட்ட வாலை அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டு ஊசியை முழுசாக உருவி, இரண்டு பக்க நூலையும் சமமாக இறுக்குங்கள். ஒரு தையல் ஆயிற்று. இப்படியே தொடர வேண்டியதுதான். சாதாரணப் பருத்தி நூல் குத்தூசியின் கூரில் பட்டு அறுந்துபோகும், அதனால்தான் நைலான்.

கார்க் திருகி நம் வீட்டில் இறுகிய முடிச்சை அவிழ்க்கத்தான். நைலான் கயிற்று முடிச்சின் நடுவில் நுனியைத் திருகி இறக்கி அசைத்தால் இளகும், கயிற்றை வெட்ட வேண்டியதில்லை. வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு டேப்பின் நடுவில் வெட்டுங்கள், இழை பிரியாது. முள் எடுக்கும்போது ட்வீசர் நுனியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, முள் எந்தச் சாய்வில் போயிருக்கிறதோ அதே சாய்வில் இழுங்கள். நேராக மேலே இழுத்தால் கருவேல முள் உள்ளே ஒடியும்.

மாடித் தோட்டம்

ஒட்டுக் கட்டுவதற்குப் பேனாக்கத்தி உதவாது. இருபுறமும் சாய்த்துத் தீட்டிய அலகால் தட்டையான வெட்டு வராது, இரண்டு தண்டும் ஒட்டிப் பொருந்தாது. அதற்கு ஒருபக்கச் சாய்வுள்ள ஒட்டுக்கத்தி தனியாக உண்டு. கிளையை மரத்திலேயே வேர்விட வைக்கும் விண்பதியத்துக்கு மட்டும் சின்ன அலகு அருமையாக உழைக்கும். கொய்யா, மாதுளை, எலுமிச்சை எதுவானாலும் பென்சில் பருமனுள்ள கிளையில் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் பட்டையைச் சுற்றி இரண்டு வட்டக் கீறல், இரண்டையும் சேர்த்து ஒரு நேர்க்கீறல். பட்டையை உரித்த பிறகு அடியில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதை அலகின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். பலருக்கு வேர் வராமல் போவது இந்த இடத்தில்தான்: படலம் மிச்சம் இருந்தால் செடி வேர்விடாமல் பட்டையை மறுபடி வளர்த்து இணைத்துக்கொள்ளும். ஈரத் தேங்காய்நார்க் கழிவை வைத்து பாலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுகக் கட்டினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் தெரியும். செடிக்குச் செடி அலகை ஸ்பிரிட்டில் துடைக்க மறக்காதீர்கள்.

கூர் தீட்டுதல்

விக்டோரினாக்ஸ் எஃகு ராக்வெல் கடினத்தன்மை அளவில் 56 அளவுக்குள்தான். ஜப்பானிய சமையல் கத்திகளோடு ஒப்பிட்டால் மென்மை. அதில் நமக்கு லாபம்தான்: கூர் தெறித்து உடையாமல் சுருளும், வீட்டிலேயே பத்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளையும் அரிவாள்மனையையும் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய அலகு நொடியில் சூடேறும். ஓரத்தில் நீலம் படிந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று; பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

1000 கிரிட் (கல்லின் நுண்மையைக் காட்டும் எண்) கல் ஒன்று போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லின் சொரசொரப்பான பக்கம் இதற்கு அதிகம். ஓரம் பல்லுப்பல்லாகப் போயிருந்தால் மட்டும் அது. கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியின் மேல் வைத்து, அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தடுமாறுவது கோணத்தில். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி என்று எழுதியிருப்பார்கள், அதை எதை வைத்து அளப்பது? இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிக் கல்லின் மேல் வைத்து, அலகின் முதுகை அதன்மேல் சாயுங்கள். உயரம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். இந்த அளவு அகலமுள்ள அலகுக்கு அது 18 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அந்தச் சாய்வைக் கை பழகிக்கொண்டதும் நாணயத்தை எடுத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் கூர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசி இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். ஓரத்தின் நுனிவரை மை போனால் கோணம் சரி. மேல்பகுதி மட்டும் போனால் முதுகைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நுனி மட்டும் போனால் தாழ்த்த வேண்டும்.

கூர் முன்னே போகும்படி, கல்லின் மேல் ஒரு மெல்லிய ஏடு சீவி எடுப்பதுபோலத் தள்ளுங்கள். அலகு வளையும் முனைப்பகுதி வரும்போது பிடியைச் சற்றுத் தூக்க வேண்டும், இல்லையென்றால் முனை மட்டும் மழுங்கலாகவே நிற்கும். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தேய்த்து, மறுபக்கத்தில் பிசிறு எழும்புகிறதா என்று கட்டைவிரலை முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, ஓரத்துக்குக் குறுக்காக நகர்த்திப் பாருங்கள். ஓரத்தின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். அடியிலிருந்து முனைவரை பிசிறு தட்டுப்படாத வரையில் அந்தப் பக்கம் முடியவில்லை என்று அர்த்தம். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த பக்கம் போவதால்தான் “எவ்வளவு தேய்த்தும் கூரே வரவில்லை” என்கிறார்கள். பிசிறு வந்ததும் மறுபக்கமும் அதேபோல். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி.

கடைசியில் பழைய தோல்பெல்ட்டின் சொரசொரப்பான உள்பக்கத்தில் பக்கத்துக்குப் பத்துத் தடவை, இம்முறை முதுகு முன்னே போகும்படி. மிச்சப் பிசிறு உதிர்ந்துவிடும். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் சிக்காமல் கீறவேண்டும்; சிக்கும் இடத்தில் இன்னும் பிசிறோ மழுங்கலோ இருக்கிறது. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சில்லாத வளையம் இருக்குமே, அதில் ஐந்தாறு தேய்ப்புத் தேய்த்தாலும் இரண்டு வாரம் ஓடும்.

கழுவுவதும் எண்ணெயும்

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கத்தியைத் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியாகத் திறந்து மூடுங்கள், கீலுக்குள் இருக்கும் சட்டைப்பைப் பஞ்சும் பசையும் வெளியே வரும். நன்றாக உதறி, எல்லாவற்றையும் திறந்த நிலையில் காயவிட்டு, கீலுக்கு ஒரு துளி எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், சில வாரத்தில் பிசுக்காகி இறுகும். தையல் மிஷின் எண்ணெய் கீலுக்கு நல்லது, சாப்பாட்டில் படக்கூடாது. இரண்டுக்கும் பொதுவாக மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்கி வையுங்கள், கெட்டுப்போகாது, வாடையில்லை. டேப் பசை போக அலகில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். தின்னரும் நெய்ல்பாலிஷ் ரிமூவரும் பிடியில் பட்டால் சிவப்பு பிளாஸ்டிக் இளகி வெளுத்துவிடும்.

எங்கே கொண்டுபோகக் கூடாது

நம் நாட்டு விமான நிலையங்களில் கைப்பையில் கத்தி கூடாது. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றி செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும், அதுவும் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதிலும் விலக்கு. பேனாக்கத்தி அந்தக் கணக்கில் வராது. அதற்காக நீதிமன்றத்துக்கும் தேர்வு மையத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம், வாசலில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: கூர் ஓரம் 3 அங்குலத்துக்குள் இருந்து, பூட்டு இல்லாமல் மடிகிற கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அலகைப் பூட்டும் வசதி இருந்தால், எவ்வளவு சிறியதானாலும், தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஒபினெலின் பூட்டு வளையமும், விக்டோரினாக்ஸின் 111 மில்லிமீட்டர் பூட்டு மாடல்களும் அங்கே அந்த வகையில் சேரும்.